உப்புத் தண்ணீரும் எட்டு டீயும்: பேரணாம்பட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான்கு பேர் கொண்ட குடும்பம். கணவருக்கு வயது 53, தோல் தொழிற்சாலையில் டிரம் பகுதியில், அதாவது தோலைச் சுழற்றிப் பதனிடும் பீப்பாய்களில், வேலை. மனைவிக்கு 46, வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். மகன் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான், மகள் கல்லூரியில் படிக்கிறாள். சிறிய மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கும் நான் இவர்களை ஓராண்டுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தேன். குடும்பத்தின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பாலாற்றுப் பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். பதனிடும் முன் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்கிவிடும். பல பத்தாண்டுகள் அது ஆற்றிலும் நிலத்திலும் போய்ச் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, விதிகள் இறுகின. ஆனால் நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிய உப்பு தீர்ப்பைப் படித்துவிட்டு வெளியேறிவிடாது.

இந்த வீட்டுக் கிணற்றின் உப்பு எங்கிருந்து வந்தது என்பது இந்த ஆய்வின் கேள்வி அல்ல. அதைச் சொல்லும் தகுதியும் எனக்கில்லை. அந்த உப்பு அடுப்படிக்குள் நுழைந்து என்ன செய்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கண்டது

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் ஒருவர் மார்ச் மாதம் வீடு வீடாகப் பார்த்து வந்தபோது கணவரின் ரத்த அழுத்தம் 166/100 இருந்தது. விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 286. அவர் "தலை சுத்தல் இல்ல, மயக்கம் இல்ல, எனக்கு என்னம்மா வியாதி" என்று மழுப்பினாராம். தன்னார்வலர் விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து எங்களிடமும் அனுப்பினார்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 178, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பின் 291, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.2. சிறுநீரில் புரதம் கசிவதைக் காட்டும் அல்புமின் கிரியாட்டினின் விகிதம் 84. இது 30க்குள் இருக்க வேண்டும். சிறுநீரகம் லேசாக அடிபடத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். உயரம் 164 செ.மீ., எடை 66 கிலோ. பார்த்தால் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. நம்மூர் ஆண்களுக்கு 90க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால். இந்த உடல்வாகு இப்பகுதிக்குப் புதிதல்ல. வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். சிறுவயதில் மெலிந்திருந்து பின்னால் எடை கூடியவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் இருந்தது. நம் நோயாளி அந்த ஆய்வில் இல்லை, ஆனால் அதே காலத்துப் பிள்ளை. "சின்ன வயசுல கூழும் கிடைக்காத நாள் உண்டு" என்றார்.

குரோமியம் பற்றிய கேள்வி

அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததற்குத் தண்ணீரில் உள்ள குரோமியம்தான் காரணம் என்று மகன் உறுதியாக நம்பினான். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மலையைப் பற்றி அவனுக்கு நிறையவே தெரிந்திருந்தது. "டெஸ்ட் பண்ணுங்க மேடம், நான் கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கணும்" என்றான்.

அவன் கோபம் நியாயமானது. ஆனால் இதில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிற குரோமியம் என்ற வகை. ராணிப்பேட்டைக் கழிவில் அச்சுறுத்துவது அறுவிணைதிற வகை. அது புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதிசெய்யப்பட்டது. சர்க்கரை நோயோடு தொடர்பு என்று பார்த்தால் சுற்றுச்சூழல் நச்சுகளில் வலுவான சான்று இருப்பது ஆர்செனிக்குக்கு. 2011இல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் கூட்டிய ஆய்வரங்கு, லிட்டருக்கு 150 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஆர்செனிக் உள்ள தண்ணீருக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டு என்று மதிப்பிட்டது. குரோமியத்துக்கு அந்த அளவு தெளிவு இல்லை.

இன்னொரு பக்கம், அப்பாவின் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. யாரோ சொல்லி மருந்துக் கடையில் வாங்கியது, "சுகர் குறையும்" என்று. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் குரோமியம் பிகோலினேட்! மகன் பயப்படும் பொருளை அப்பா காசு கொடுத்து விழுங்கிக்கொண்டிருந்தார். இதுவும் மூவிணைதிற வகைதான், அந்த அளவில் விஷமல்ல. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு இது பயன் தருகிறது என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. நிறுத்தச் சொன்னோம்.

தண்ணீரைச் சோதிக்க ஒப்புக்கொண்டோம். ரத்தத்திலும் சிறுநீரிலும் குரோமியம் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தோம். டிரம்மில் வேலை செய்பவர் உடலில் குரோமியம் கூடுதலாக இருக்கத்தான் செய்யும். அந்த எண் தண்ணீரைப் பற்றியும் எதுவும் சொல்லாது, சிகிச்சையையும் மாற்றாது. மகனுக்கு இதில் திருப்தி இல்லை.

வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் ரிப்போர்ட் வந்தது. குரோமியம் கண்டறியும் அளவுக்கும் கீழே. ஆர்செனிக்கும் அப்படியே. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவான டிடிஎஸ் லிட்டருக்கு 2,180 மி.கி. இந்தியத் தர நிர்ணயப்படி விரும்பத்தக்க அளவு 500, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம். கடினத்தன்மை 780, உச்ச வரம்பு 600. குளோரைடு 960, உச்ச வரம்பு 1,000. சோடியம் 540. இந்த சோடியத்துக்கு நம் குடிநீர்த் தரப் பட்டியலில் வரம்பே கிடையாது. அதனால் ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது, எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அந்தக் காலிக் கட்டத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டோம். தண்ணீர், டீ, சோறு, குழம்பு எல்லாம் சேர்த்து கணவரின் உடலுக்குள் நாளுக்குச் சுமார் மூன்றரை லிட்டர் கிணற்றுத் தண்ணீர் போகிறது. அதிலுள்ள சோடியம் 1,890 மி.கி., அதாவது கிட்டத்தட்ட 4.8 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வது 5 கிராமுக்குள். உப்பு டப்பாவைத் திறக்கும் முன்பே அவருடைய பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வங்கதேசக் கடலோரத்தில் உப்பேறிய குடிநீருக்கும் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாம் கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இருப்பதால் அதை யோசிப்பதில்லை.

அடுப்படியில் கண்டது

வழக்கமான உணவுக் கேள்வித்தாளில் தண்ணீர் பற்றி ஒரே கேள்விதான் உண்டு: நாளைக்கு எத்தனை டம்ளர்? அதை ஓரமாக வைத்துவிட்டு தன்னார்வலரோடு வீட்டுக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்தேன். விஷயம் அங்கேதான் இருந்தது.

"வெறும் தண்ணி வாயில வைக்க முடியல, உப்புக் கரிக்குது. அதான் டீ" என்றார் மனைவி. பால் ஊற்றினால் சில நாள் திரிந்துவிடுகிறது என்பதால் பெரும்பாலும் பால் இல்லாத டீ. உப்புச் சுவை தெரியாமல் இருக்கச் சர்க்கரையை அள்ளிப் போடுவார். அவர் போடும் அளவை ஒரு தராசில் போட்டுப் பார்த்தோம், ஒரு டம்ளருக்கு 15 கிராம். கணவருக்கு வீட்டில் நான்கு, வேலையிடத்துக் கடையில் நான்கு. கடை டீயில் 10 கிராம் என்று வைத்தாலும் மொத்தம் 100 கிராம் சர்க்கரை. பெரியவர் ஒருவருக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இனிப்புப் பண்டம் எதையும் தொடாத மனிதர் இவர். "நான் ஸ்வீட்டே சாப்பிடறதில்ல" என்று எங்களிடம் சொன்னதும் பொய்யல்ல.

அடுத்தது பருப்பு. கடினத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவே வேகாது. கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல் சுவரை இறுக்கிவிடும். முதலில் சமையல் சோடா போட்டு வேகவைத்திருக்கிறார், அதுவும் சோடியம்தான். அப்புறம் கேஸ் செலவு கட்டுப்படியாகாமல் பருப்பையே குறைத்துவிட்டார். கொள்ளு, மொச்சை எல்லாம் எப்போதாவது. தினமும் ரேஷன் அரிசிச் சோறு, புளிக்குழம்பு அல்லது ரசம், அப்பளம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி. கொல்லையில் ஒரு காலத்தில் முருங்கையும் கீரைப் பாத்தியும் கத்தரியும் இருந்தன. கிணற்றுத் தண்ணீர் உப்பேறியபின் கீரை கருகிப்போனது, முருங்கை மட்டும் தாக்குப்பிடித்து நின்றது. ஆக, இந்தத் தட்டிலிருந்து பருப்பையும் கீரையையும் எடுத்ததும் டம்ளரில் சர்க்கரையைக் கொட்டியதும் ஒரே கிணறு. உணவு ஒரு பட்டியல், சுற்றுச்சூழல் இன்னொரு பட்டியல் என்று தனித்தனியாகக் கேட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

தெருவில் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலை நாலு மணிக்கு வரும். கையில் வைத்திருந்த மீட்டரில் அதன் டிடிஎஸ் 310. ஏன் பிடிப்பதில்லை என்று கேட்டேன். "ரெண்டு குடம் தூக்கினா மூச்சு வாங்குது" என்றார் மனைவி.

மனைவியின் ரிப்போர்ட்

அந்த ஒரு வரிக்காகத்தான் அவருக்கும் ரத்தம் எடுத்தோம். ஹீமோகுளோபின் 8.7, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. கடுமையான இரும்புச்சத்துக் குறைவு. கூடவே எச்பிஏ1சி 6.3 என்று வந்து, "சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை" என்று அச்சாகியிருந்தது.

இங்கே அவசரப்படக் கூடாது. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட அதிக நாள் ரத்தத்தில் தங்கும், மூன்று மாத அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அவருடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் பார்த்தால் 118. இரண்டும் சாதாரணம். அதனால் அவருக்குச் சர்க்கரைப் பத்தியம் எதுவும் சொல்வதில்லை, இரும்புச் சத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பது என்று முடிவானது. ஏற்கெனவே அரை வயிறு சாப்பிடும் பெண்ணிடம் அந்த ஒரு தாளை வைத்து "சோத்தைக் குறைங்க" என்று சொல்லியிருந்தால் ரத்தசோகை இன்னும் மோசமாகியிருக்கும்.

இரும்பு ஏன் குறைந்தது? மாதவிடாய்ப் போக்கு கொஞ்சம் அதிகம், அது ஒரு காரணம். இன்னொன்று, சோறு சாப்பிட்ட கையோடு தண்ணீருக்குப் பதில் பால் இல்லாத டீ. டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்பைக் குடலில் சேரவிடாது. உப்புத் தண்ணீரால் டீ, டீயால் ரத்தசோகை, ரத்தசோகையால் குடம் தூக்க முடியவில்லை, அதனால் மறுபடியும் உப்புத் தண்ணீர்.

எடுத்த முடிவுகள்

உணவு அட்டவணை எதையும் முதலில் கொடுக்கவில்லை. தண்ணீரை மாற்றுவதுதான் முதல் வேலை என்று வைத்துக்கொண்டோம். தண்ணீர் மாறாமல் "டீயை விடுங்க" என்பது நடக்காத பேச்சு. "நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று எல்லோரும் பழக்கமாகச் சொல்வோமே, அதை இவரிடம் சொன்னால் லிட்டருக்கு ஒன்றே கால் கிராமுக்கு மேல் உப்பைச் சேர்த்து ஊட்டுவதாகிவிடும்.

வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிப் போடலாம் என்றான் மகன். இவ்வளவு கடினமான தண்ணீரில் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், பாதிக்கு மேல் தண்ணீர் இன்னும் உப்பாகிக் கொல்லைக்கே போகும். வேண்டாம் என்றோம். முதல் ஏற்பாடு கேன் தண்ணீர்: குடிக்க, டீ போட, சோறும் பருப்பும் வேகவைக்க மட்டும். கேன் 30 ரூபாய், மாதம் இருபது கேன் என்றால் 600 ரூபாய். பணத்துக்கு எங்கே போவது? கடை டீ ஒன்று 12 ரூபாய், நாளைக்கு நான்கு. மாதம் 25 வேலை நாளில் 1,200 ரூபாய். அதில் பாதியைக் குறைத்தால் கேன் செலவு வந்துவிடுகிறது. இந்தக் கணக்கைக் கேட்டதும்தான் கணவர் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மருந்தைச் சுகாதார நிலைய மருத்துவர் தீர்மானித்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அழுத்தத்துக்கு அம்லோடிபின், சிறுநீரில் அல்புமின் போவதால் டெல்மிசார்டானும். மனைவிக்கு இரும்பு மாத்திரை, சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேர இடைவெளி.

தட்டில் செய்த மாற்றம் சின்னது. பருப்பு திரும்ப வந்தது. மாலையில் பஜ்ஜிக்குப் பதில் வேகவைத்த வேர்க்கடலை, இது நம் வட ஆற்காட்டு மண்ணில் விளைவதுதானே. வாரம் நான்கு முட்டை, முருங்கைக் கீரை. சோறு ஒரு கரண்டி குறைவு. "களி சாப்பிட்டா சர்க்கரை ஏறாதாமே" என்று கேட்டார்கள். நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் கிண்டிய களி பெரிய உருண்டையாக உள்ளே போனால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சின்ன உருண்டை, கூட நிறைய கீரைக் கடைசல் என்றால் சரி.

கோடையில் நடந்தது

ஏப்ரல் வரை நன்றாகப் போனது. மே மாதம் கத்திரி வெயிலில் கணவர் வேலையிடத்தில் தள்ளாடி விழுந்தார். ரத்த அழுத்தம் 100/64, ரத்தத்தில் சோடியம் குறைந்து 131. சர்க்கரை அளவு நன்றாகவே இருந்தது, ஆகவே அது தாழ்சர்க்கரை மயக்கம் அல்ல. விசாரித்தபோது, பிபிக்கு உப்பே ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிச் சாப்பாட்டில் உப்பை முழுக்க நிறுத்தியிருக்கிறார் என்று தெரிந்தது.

மார்ச்சில் மாத்திரை அளவைத் தீர்மானித்தபோது அவர் உடலில் தண்ணீர் வழியாகவே நாளுக்கு நாலரை கிராமுக்கு மேல் உப்பு போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் மாறியதும் அது ஒரேயடியாக நின்றது. சமையல் உப்பும் நின்றது. வேலூர் வெயிலில் டிரம் பக்கத்தில் நின்று வியர்வை ஊற்றும் உடம்பு அது. மேலே இரண்டு அழுத்த மாத்திரை. மருத்துவர் அம்லோடிபினை நிறுத்தி டெல்மிசார்டானை மட்டும் வைத்துக்கொண்டு, பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் மறுபடி பார்த்தார். உப்பை அளவோடு சேர்க்கச் சொன்னோம். ஒரு வாரத்தில் 124/78க்கு வந்தது. அடுத்த பரிசோதனை ஆறு வாரம் கழித்து என்று குறித்திருந்தோம். தண்ணீரையும் மாத்திரையையும் சேர்த்து மாற்றும்போது ஆறு வாரம் என்பது நீண்ட இடைவெளி.

அதே மாதம் பணமும் இடித்தது. வேலை நாள் குறைந்து கேன் வாங்குவது பாதியாகக் குறைந்தது. அந்த நேரத்தில்தான் மகன் நாலு மணிக்கு எழுந்து தெருக்குழாயில் பிடிக்க ஆரம்பித்தான். ஒரு முறை பிடித்தால் எட்டுக் குடம், இரண்டு நாளைக்குத் தாராளம். வர வேண்டிய நாளில் தண்ணீர் வராவிட்டால் மட்டும் கேன். கடைசி வரை நிலைத்தது இந்த ஏற்பாடுதான்.

ஓராண்டு கழித்து

கணவரின் எச்பிஏ1சி 7.1, எடை 63.5 கிலோ, அழுத்தம் ஒரே மாத்திரையில் 128/80. அல்புமின் விகிதம் 84லிருந்து 38. டீ நாளைக்கு மூன்று, அரைச் சர்க்கரை. மனைவியின் ஹீமோகுளோபின் நான்கு மாதத்திலேயே 11.8 ஆகியிருந்தது. அப்போது எடுத்த எச்பிஏ1சி 5.6. சர்க்கரைக்கென்று எந்த மருந்தும், எந்தப் பத்தியமும் இல்லாமல். இப்போது குடம் தூக்குகிறார், மகன் தூங்குகிறான்.

இதில் எவ்வளவு தண்ணீரால், எவ்வளவு மாத்திரையால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே சமயத்தில் மாறின. கணவரின் மூன்று மாத அளவு குறைந்ததில் பெரும் பங்கு மெட்ஃபார்மினுக்கும் அந்த 100 கிராம் சர்க்கரை போனதற்கும் என்பது என் கணிப்பு. அழுத்தத்தைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு உண்டு: அழுத்த மாத்திரை எதுவும் எடுக்காத மனைவிக்கும் 142/90லிருந்து 126/80க்கு இறங்கியது. ஒருவரை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான்.

தண்ணீரை மேலும் இரண்டு முறை சோதித்தோம். கோடை உச்சத்தில் டிடிஎஸ் 2,410, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு 1,640. மழைக்குப் பின் எடுத்த மாதிரி மட்டும் கையில் இருந்தால் அந்தத் தண்ணீர் உச்ச வரம்புக்குள் தேறிவிடும். மூன்றிலும் குரோமியம் வரம்புக்குள்தான். மகன் இதை ஏற்றுக்கொண்டான், ஆனால் விடவில்லை. மூன்று ரிப்போர்ட்டையும் சேர்த்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்திருக்கிறான். மனு இப்போது குரோமியம் பற்றி அல்ல, தெருக்குழாயில் தினமும் தண்ணீர் வேண்டும் என்பது.

எதை மாற்றிச் செய்வோம்

சர்க்கரை, அழுத்தம் என்று வருபவர்களிடம் எத்தனை டம்ளர் என்று கேட்கும் முன் எந்தத் தண்ணீர், உப்புக் கரிக்கிறதா, பருப்பு வேகிறதா, பால் திரிகிறதா என்று இப்போது கேட்கிறோம். பருப்பு வேகிறதா என்ற கேள்விக்குப் பெண்கள் சொல்லும் பதில் ஆய்வகக் கடினத்தன்மை எண்ணோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. தண்ணீர் மாதிரி எடுத்தால் சோடியத்தையும் கேட்டு வாங்குகிறோம், கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. உப்புத் தண்ணீரிலிருந்து நல்ல தண்ணீருக்கு மாறுபவர் அழுத்த மாத்திரை எடுத்தால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி பிபி பார்த்தாக வேண்டும், வெயிலில் உழைப்பவர் என்றால் சோடியமும். ஹீமோகுளோபின் பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் வைத்து யாரையும் சர்க்கரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

அந்தத் தெருவில் இன்னும் ஐந்து வீடுகள் அதே ஆழத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கின்றன. தன்னார்வலர் எல்லோருக்கும் பிபி பார்த்துப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்தக் கோடையில் அந்தக் கிணறுகளிலிருந்து மாதிரி எடுக்கிறோம்.